ஆகஸ்ட் 15 தெருக் கொடி வினாடி வினா: கேள்வியைச் சரிபார்த்துத் தாங்க

பாளை_மருதம்

ஆகஸ்ட் 15 சாயங்காலம் எங்க தெருவுல உலகக் கொடிகள் வினாடி வினா வைக்கோம். ஒரு வீட்டுக்கு ஒரு அணி, மொத்தம் 12 அணி. ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் பிள்ளைகள், கூட அம்மாவோ அப்பாவோ ஆச்சியோ உட்காரலாம். கொடி அட்டையைக் காட்டிக் கேக்கிறது பாதி, வாயால கேக்கிறது பாதி. வாயால கேக்கிற கேள்வி இதுதான்:

ஊதா நிறம் உள்ள ஒரே கொடி எது? சதுரக் கொடி உள்ள ஒரே நாடு எது? நாலு மூலை இல்லாத ஒரே கொடி எது? கட்டடம் உள்ள ஒரே கொடி எது? துப்பாக்கி உள்ள ஒரே கொடி எது? தன் நாட்டு வரைபடத்தையே கொடியில் வைத்த ஒரே நாடு எது? சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றுமே இல்லாத ஒரே கொடி எது? நம் தேசியக் கொடியை வடிவமைத்தவர் யார்? கொடியில் சிவப்பு எதைக் குறிக்கும்?

தப்பு இருந்தா சொல்லுங்க. பரிசு கொடுக்கிற இடத்துல வாக்குவாதம் வரக்கூடாது.

அம்பை_சாக்பீஸ்

அம்மா, உங்கள் பட்டியலில் ஏழு இடத்தில் 'ஒரே' வருகிறது. சண்டை அந்தச் சொல்லில்தான் பிறக்கும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊதா: டொமினிக்கா கொடியின் நடுவில் இருக்கும் சிசரூ கிளி ஊதா. நிகரகுவாவின் சின்னத்துக்குள் வானவில் இருக்கிறது, அதிலும் ஊதா உண்டு. ஆக 'ஒரே' நிற்காது. 'கொடியில் ஊதா நிறக் கிளி பறக்கும் தீவு எது' என்று கேளுங்கள், ஒரே விடைதான் வரும்.

சதுரம்: சுவிட்சர்லாந்து, வத்திக்கான். 'சதுரக் கொடி உள்ள இரண்டு நாடுகளைச் சொல்' என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். சுவிட்சர்லாந்தின் கப்பல்களில் பறக்கும் கொடி மட்டும் 2:3 செவ்வகம். விவரம் தெரிந்த பிள்ளை அதைக் கேட்டால் மறுக்காதீர்கள்.

நாலு மூலை: இதில் 'ஒரே' நிற்கும். நேபாளம்தான். 'அகலத்தைவிட உயரம் கூடிய ஒரே தேசியக் கொடி' என்று கேட்டாலும் அதே விடை.

கட்டடம்: நீங்கள் நினைப்பது கம்போடியாவின் அங்கோர்வாட். ஸ்பெயின் கொடியின் சின்னத்தில் கோட்டை இருக்கிறது, போர்ச்சுகல் கேடயத்தில் ஏழு கோட்டைகள், சான் மரினோவில் மூன்று கோபுரங்கள். 'கோயில் படம் உள்ள கொடி' என்று மாற்றிவிடுங்கள்.

துப்பாக்கி: மொசாம்பிக் கொடியில் ஏ.கே. 47 இருக்கிறது. குவாத்தமாலா சின்னத்திலும் பழைய காலத் துப்பாக்கிகள் இரண்டு குறுக்காகக் கிடக்கின்றன. எனவே 'ஏ.கே. 47 உள்ள கொடி எது' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கூடவே அதில் ஒரு மண்வெட்டியும் திறந்த புத்தகமும் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்.

வரைபடம்: சைப்ரஸ் கொடியில் தீவின் வரைபடம் உண்டு. கொசோவோ கொடியிலும் உண்டு. கொசோவோவை இந்தியா தனி நாடாக ஏற்கவில்லை. தெருவில் அந்த விவாதத்துக்குள் போக வேண்டாம், 'தீவு' என்று ஒரு சொல் சேருங்கள், முடிந்தது.

சிவப்பு, வெள்ளை, நீலம் இல்லாதது: ஜமைக்கா. கறுப்பு, பச்சை, பொன் நிறம் மட்டும். பழைய வினாடி வினாப் புத்தகங்களில் மொரிட்டானியாவையும் சேர்த்திருப்பார்கள். 2017-இல் அந்த நாடு மேலும் கீழும் சிவப்புப் பட்டை சேர்த்துவிட்டது. இப்போது ஜமைக்கா மட்டும்தான்.

தென்காசிச்_சாரல்

சார் சொன்னதோட கடைசி ரெண்டையும் பார்த்துருவோம். 'சிவப்பு எதைக் குறிக்கும்'ங்கிற கேள்வியை எடுத்துருங்கக்கா. ரத்தம், தியாகம், வீரம்னு எல்லாத்துக்கும் ஒரே பதிலை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. அது ஒரு நாட்டுக்குச் சரி, இன்னொரு நாட்டுக்குத் தப்பு. ஜப்பான் கொடியில சிவப்பு சூரியன். வங்கதேசத்துலயும் அந்த வட்டம் சூரியன்தான், கூடவே விடுதலைப் போர்ல சிந்தின ரத்தமும். ஒரு நிறம், ரெண்டு அர்த்தம். பார்த்துக் கண்டுபிடிக்கிற கேள்விதான் குடும்பமா விளையாட நல்லது. ஆச்சியும் பேரனும் ஒரே அட்டையைப் பார்த்து யோசிக்கலாம்.

வடிவமைத்தவர் கேள்வி இன்னும் வில்லங்கம். பிங்கலி வெங்கையா 1921-ல விஜயவாடாவில காந்திகிட்ட ஒரு வரைவு கொடுத்தாரு. 1931-ல காங்கிரஸ் நிறத்தை மாத்தி நடுவுல ராட்டை வச்சது. 1947 ஜூலை 22 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபை ராட்டைக்குப் பதிலா சக்கரம் வச்ச கொடியை ஏத்துக்கிட்டது. அந்தக் கடைசி வடிவத்துல சுரையா தயாப்ஜியோட பங்கு பத்தியும் வாதம் இருக்கு. '1921-இல் காந்தியிடம் கொடி வரைவைக் கொடுத்த ஆந்திரக்காரர் யார்'னு கேட்டா யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

பாளை_மருதம்

ரொம்ப நன்றி சார், தம்பி. எல்லாத்தையும் மாத்திட்டேன். அடுத்து அட்டை. 48 கொடி அட்டை வேணும். கடையில விக்கிற சார்ட்டை வாங்கி வெட்டி ஒட்டலாமா, இல்ல அச்சடிக்கணுமா?

டவுன்_ரதவீதி

சார்ட்டை வெட்டாதீங்கம்மா. முதல்ல அந்த சார்ட் எந்த வருசத்து அச்சுன்னு பாக்கணும். கீழே வருசம் போட்டிருக்க மாட்டாங்க. கொடியை வச்சே கண்டுபிடிக்கலாம்:

லிபியா வெறும் பச்சையா இருந்தா 2011-க்கு முந்தினது. தெற்கு சூடான் இல்லைன்னாலும் அதே கதை. மியான்மருக்கு மஞ்சள், பச்சை, சிவப்பு மேல ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் இருக்கணும், மூலையில குட்டி நட்சத்திரக் கூட்டம் இருந்தா 2010 அக்டோபருக்கு முந்தின அச்சு. மொரிட்டானியாவை சார் சொல்லிட்டாங்க. கிர்கிஸ்தான் சூரியனோட கதிர் அலை அலையா வளைஞ்சிருந்தா 2023 கடைசிக்கு முந்தினது, இப்ப நேர்க்கதிர். சிரியா 2024 டிசம்பர்ல ஆட்சி மாறின பிறகு பச்சை, வெள்ளை, கறுப்பு, நடுவுல மூணு சிவப்பு நட்சத்திரம். அதுக்கு முன்னாடி மேலே சிவப்பு, ரெண்டு பச்சை நட்சத்திரம். கடையில தொங்குறதுல பாதி சார்ட் இந்தச் சோதனையிலயே கழிஞ்சு போயிரும்.

அச்சுக்கு வாங்க. ஏ4, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை. ஒரு அட்டை 9.5 செமீ நீளம், 6.5 செமீ உயரம்னு வச்சா ஒரு தாளுக்கு எட்டு வரும். 48-க்கு ஆறு தாள். தப்பு நடக்கிற இடம் நாலு இருக்கு.

ஒண்ணு, எல்லாக் கொடியையும் ஒரே பெட்டிக்குள்ள இழுத்து நிரப்புறது. சுவிஸ் சிலுவை சப்பையாகும், நேபாளம் குண்டாகும், 11:28 அளவுள்ள நீளமான கத்தார் குட்டையாகும். பெல்ஜியம் 13:15, கிட்டத்தட்டச் சதுரம், அதை இழுத்தா வடிவமே மாறிரும். உயரத்தை மட்டும் 4.5 செமீ-க்குப் பூட்டிட்டு அகலத்தை அதுபாட்டுக்கு விடுங்க. கத்தாருக்கு மட்டும் 11.5 செமீ வரும், அட்டைக்குள்ள அடங்காது. அதுக்கு உயரத்தை 3.5 செமீ வைங்க.

ரெண்டு, வெள்ளை அட்டையில வெள்ளைக் கொடி. போலந்து மேலே வெள்ளை, கீழே சிவப்பு. வெள்ளைத் தாள்ல அச்சடிச்சா வெறும் சிவப்புப் பட்டை மட்டும்தான் தெரியும். ஜப்பான் ஒரு சிவப்புப் பொட்டு. பின்னணிக்கு வெளிர் சாம்பல் கொடுத்தாலே போதும்.

மூணு, தலைகீழ். அயர்லாந்து அட்டையைத் திருப்பிப் பிடிச்சா ஐவரி கோஸ்ட். இந்தோனேசியாவைத் திருப்பினா போலந்து. பிள்ளைகள் கையில அட்டை எப்படியும் சுத்தும். கம்பப் பக்கம் மேல் மூலையில பஞ்சிங் மெஷின்ல ஒரு ஓட்டை போட்டுருங்க, 'ஓட்டை எப்பவும் இடது மேலே'ன்னு விதி. ஓட்டை கொடி மேல விழக்கூடாது, சாம்பல் ஓரத்துல விழணும்.

நாலு, செலவைக் குறைக்க கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுக்கிறது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாயிரும், இத்தாலியும் பிரான்சும் பிரிக்க முடியாது. லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் பட்டுப் பளபளத்து பின்வரிசைக்கு ஒண்ணும் தெரியாது.

அம்பை_சாக்பீஸ்

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாது, பெற்றோருக்கே அது தெரியாமல் இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்கும் கேள்வியில் அந்தப் பிள்ளை திணறும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பாதியாவது வடிவத்தை வைத்து இருக்கட்டும்: எத்தனை நட்சத்திரம், எத்தனை பட்டை, வட்டம் நடுவில் இருக்கிறதா இல்லையா.

சாட், ருமேனியா இரண்டையும் சேர்த்துக் காட்டாதீர்கள். இரண்டும் நீலம், மஞ்சள், சிவப்பு செங்குத்துப் பட்டைகள். நீலத்தின் அழுத்தம் மட்டுமே வேறு. அச்சில் அது தெரியாது. 1989-இல் ருமேனியா நடுவிலிருந்த சின்னத்தை எடுத்தபின் வந்த குழப்பம் இது. எந்தக் குழந்தையாலும் நியாயமாக விடை சொல்ல முடியாது.

இதே மாதிரி ஒரு குழப்பம் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நடந்தது. ஹைட்டியும் லிக்டன்ஸ்டைனும் ஒரே நீலம் சிவப்புக் கொடியோடு வந்து நின்றன. மறு வருடம் லிக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடம் சேர்த்தது. 'கிரீடம் ஏன் வந்தது' என்று கேட்டால் பெரியவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தென்காசிச்_சாரல்

பட்டைக் கேள்விக்கு ஒரு மூணு அட்டை சொல்லுதேன். லைபீரியா 11 பட்டை, அமெரிக்கா 13, மலேசியா 14. மூணும் சிவப்பும் வெள்ளையும், மூலையில நீலப் பெட்டி. எண்ணாமலே எது மலேசியான்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. பட்டை ஒற்றைப்படையா இருந்தா மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு. இரட்டைப்படையா இருந்தா கீழே வெள்ளை வந்துரும். கடைசிப் பட்டையைப் பார்த்தாலே போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைத் தானாப் பிடிச்சுரும், மூணாம் வகுப்புக்கு ஒரு தடவை காட்டினாப் போதும்.

வட்டத்துக்கு ஜப்பானும் வங்கதேசமும். பிள்ளைகளையே வரையச் சொல்லுங்க. ஜப்பான் 30 செமீ × 20 செமீ. வட்டத்தோட விட்டம் உயரத்துல அஞ்சுல மூணு பங்கு, அதாவது 12. ஆக ஆரம் 6, மையம் நட்ட நடுவுல. வங்கதேசம் 30 செமீ × 18 செமீ. ஆரம் நீளத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதுவும் 6 செமீ! ஒரே காம்பஸ் அளவு. ஆனா மையம் 15-ல இல்ல, கம்பப் பக்கத்துல இருந்து 13.5 செமீ. நடுவுல வச்சா என்னன்னு கேப்பாங்க: கொடி காத்துல பறக்கும்போது வெளி ஓரம் மடிஞ்சு சுருங்கும், அப்ப வட்டம் நடுவுல தெரியணும்னுதான் கம்பத்தைப் பார்த்துத் தள்ளி வச்சிருக்காங்க. ஒரு துணியில வரைஞ்சு மின்விசிறி முன்னால பிடிச்சுக் காட்டலாம்.

தூத்துக்குடி_நங்கூரம்

கப்பல் கொடி ஒண்ணும் வரலையே. தூத்துக்குடி பக்கம்தானே. கடற்கரையில இருந்து பைனாகுலர் வச்சாலே துறைமுகத்துக் கப்பலோட பின்புறக் கொடி தெரியும்.

பின்புறம் பறக்கிறது கப்பல் பதிவான நாட்டுக் கொடி. பதிவான கப்பல்களோட மொத்தக் கொள்ளளவுக் கணக்குல உலகத்துல முதல் மூணு நாடு லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள். முதலாளி வேற நாட்டுக்காரரா இருப்பாரு, மாலுமி வேற நாடா இருப்பாரு, கொடி மட்டும் பனாமா. கப்பல் பேருக்குக் கீழே ஊர்ப் பேர் எழுதியிருக்கும்: மன்ரோவியான்னா லைபீரியா, மஜூரோன்னா மார்ஷல் தீவுகள். முன்னால கம்பத்துல வலது பக்கம் வெளிநாட்டுக் கப்பலும் நம்ம நாட்டுக் கொடியை மரியாதைக்காக ஏத்தியிருக்கும். அதை வச்சு 'இது இந்தியக் கப்பல்'னு சொன்னா தப்பு. இந்திய வணிகக் கப்பலோட பின்புறக் கொடி சிவப்புத் துணி, மேல் மூலையில நம்ம மூவர்ணம்.

கேள்வி: அசோகச் சக்கரத்து ஆரமும் மார்ஷல் தீவுகள் நட்சத்திரத்து முனையும் எண்ணிக்கையில ஒண்ணா? ரெண்டும் 24. எண்ண வைங்க.

பாளை_மருதம்

அண்ணாச்சி, இது அருமை. கப்பல் படம் நாலு வச்சு ஒரு சுற்று சேத்துட்டேன். நம்ம கொடியை எல்லாப் பிள்ளையும் வரையணும்னு ஒரு சுற்று இருக்கு, 10 நிமிசம். என்ன அளவு கொடுக்கலாம்? எதை வச்சு மதிப்பெண் போடலாம்?

அம்பை_சாக்பீஸ்

கொடி விதித் தொகுப்பில் உள்ள அளவுகளில் ஒன்று 2700 × 1800 மிமீ, அதற்குச் சக்கரத்தின் விட்டம் 555 மிமீ. பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 27 × 18 செமீ, ஏ4 தாளில் சரியாக உட்காரும். பட்டை ஒவ்வொன்றும் 6 செமீ. சக்கரத்தின் விட்டம் 5.5 செமீ, அதாவது வெள்ளைப் பட்டையின் மேலும் கீழும் கால் செமீதான் மிச்சம். பெரும்பாலான பிள்ளைகள் சக்கரத்தைச் சின்னதாகப் போட்டுவிடுவார்கள்.

24 ஆரத்துக்குப் பாகைமானி வேண்டாம். வட்டமாக வெட்டிய காகிதத்தைப் பாதியாக மடி, அதை மூன்றாக மடி, பிறகு பாதி, மறுபடியும் பாதி. விரித்தால் 24 மடிப்புக் கோடு, 15 பாகைக்கு ஒன்று. வழக்கமான தவறு: மையத்தைக் கடந்து 24 கோடு போடுவது. அப்படிப் போட்டால் 48 ஆரம் ஆகிவிடும். கடந்து போடுவதானால் 12 கோடு போதும். நிறம் கருநீலம், கறுப்பு அல்ல.

வரைந்த தாளின் பின்னால் பெயர் எழுதச் சொல்லுங்கள். தேசியக் கொடியின் மேல் எழுத்து எதுவும் வரக்கூடாது என்பது விதி. முடிந்தபிறகு தாள்கள் தரையில் கிடக்காமல் ஒரு பெட்டியில் சேரட்டும். அதே விதியிலிருந்து ஒரு கேள்வி: கொடியைச் சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் காவி எந்தப் பக்கம்? பார்ப்பவருக்கு இடது பக்கம். ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் இதைத் தப்பாகத் தொங்கவிட்ட மேடை ஒன்றையாவது பார்க்கலாம், சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆகும்.

தென்காசிச்_சாரல்

கடைசிச் சுற்றுக்கு நார்வே வைங்க. அந்த ஒரு கொடிக்குள்ள ஆறு கொடி ஒளிஞ்சிருக்கு. 22 செமீ × 16 செமீ-ல அச்சடிங்க. இடமிருந்து வலமா சிவப்பு 6, வெள்ளை 1, நீலம் 2, வெள்ளை 1, சிவப்பு 12. மேலிருந்து கீழா சிவப்பு 6, வெள்ளை 1, நீலம் 2, வெள்ளை 1, சிவப்பு 6. எல்லாமே செமீ.

இப்ப சாம்பல் அட்டையில சன்னல் வெட்டி அது மேல நகர்த்தணும். 9 × 6 சன்னல் சிலுவையோட வலது கைப் பட்டையில: தாய்லாந்து. 3 × 2 சன்னல், சிவப்பும் கீழே வெள்ளையும்: இந்தோனேசியா. 3.2 × 2, வெள்ளையும் கீழே சிவப்பும்: போலந்து. 4.5 × 3, சிவப்பு வெள்ளை நீலம் படுக்கையா: நெதர்லாந்து. 3 × 2, நெட்டுப் பட்டையோட வலது ஓரத்துல நீலம் வெள்ளை சிவப்பு: பிரான்ஸ். ஃபின்லாந்துக்கு மட்டும் சன்னல் 4 × 4-க்கு மேல போகக்கூடாது, நடுச் சிலுவை மேல மட்டும் வைக்கணும். பெருசா வெட்டினா மூலையில சிவப்பு எட்டிப் பாக்கும். ஃபின்லாந்து கொடியோட உண்மையான அளவு இதுல வராது, சிலுவை குண்டாத் தெரியும். அதைப் பிள்ளைகள்ட்ட சொல்லிருங்க.

டவுன்_ரதவீதி

சன்னல் அட்டையைக் கத்தரியில வெட்டினா மூலை கிழியும். கட்டர், இரும்பு ஸ்கேல், கீழே பழைய அட்டை. பெரியவங்க வெட்டிக் கொடுத்துருங்க.

ஒரு சின்ன விசயம். கேள்வியை வாட்ஸ்அப் குழுவுல கொடி எமோஜியா அனுப்பாதீங்க. விண்டோஸ் கணினியில திறந்தா சில சமயம் கொடி தெரியாது, நாட்டோட ரெண்டெழுத்துக் குறியீடுதான் தெரியும். விடை வெளிய வந்துரும்.

பாளை_மருதம்

கடைசியா ஒண்ணு. பெரிய பிள்ளைகள் நேபாளக் கொடியை வரையலாமான்னு கேக்காங்க. ரெண்டு முக்கோணம்னு நினைச்சுப் போட்டா கோணலா வருது.

தென்காசிச்_சாரல்

அந்தக் கொடியை வரையிற முறை நேபாள அரசியலமைப்புச் சட்டத்தோட அட்டவணையிலயே படிப்படியா இருக்குக்கா. வடிவத்துக்கு அஞ்சு படி போதும். 12 செமீ-ல சொல்லுதேன்.

கீழே அ-ஆ கோடு, 12 செமீ. அ-ல இருந்து நேர் மேலே அ-இ, அதை விட மூணுல ஒரு பங்கு கூட, 16 செமீ. அ-இ மேல 12 செமீ-ல ஈ-ன்னு ஒரு புள்ளி. ஆ-வையும் ஈ-யையும் சேருங்க. அந்தச் சாய்கோட்டுல ஆ-ல இருந்து 12 செமீ அளந்து உ-ன்னு புள்ளி. உ வழியா, அ-ஆ-வுக்கு இணையா, இடது கோட்டுல இருந்து வலப்பக்கமா 12 செமீ கோடு. அது கீழ்க்கோட்டுல இருந்து 8.5 செமீ உயரத்துல வந்தா சரி. அதோட வலது முனையை இ-யோட சேருங்க. கீழ் முக்கோணத்துல உ-க்கு மேலே இருக்கிற சாய்கோட்டை அழிச்சிருங்க.

கோணலா வர்றதுக்குக் காரணம், உ புள்ளியை அளக்காம சாய்கோட்டோட பாதியில வைக்கிறது. பாதியில வச்சா மேல் முக்கோணம் பெருசாயி கீழே இறங்கிரும்.

பாளை_மருதம்

நீல ஓரம் எவ்வளவு?

தென்காசிச்_சாரல்

12 செமீ-க்கு 5 மிமீ. சிவப்புக்கு வெளியே சேர்க்கணும், உள்ளே வரையக்கூடாது. கூர் மூலையில ஓரம் நீண்டு வெளிய போகும், அதனால முழுக் கொடியும் 14.3 செமீ அகலம், 17.5 செமீ உயரம் வரும். முதல் கோட்டை ஏ4 தாளோட ஓரத்துல போடாம இடதுலயும் கீழேயும் 2 செமீ விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. மேலே பிறை, கீழே 12 முனைச் சூரியன், ரெண்டும் வெள்ளை. ரெண்டோட நடுவும் கம்பப் பக்கச் சிவப்பு ஓரத்துல இருந்து 3 செமீ தள்ளி ஒரே நேர்கோட்டுல வரணும்.

பாளை_மருதம்

வரைஞ்சு பாத்தாச்சு, 8.5 சரியா விழுது. 14.3-ம் வந்துட்டு.